இருபத்திரண்டு குழிகளும் ஒரு குழாயும்

சோழவந்தானில் உள்ள என் தென்னந்தோப்பில் வேலிக்கால் ஊன்ற இருபத்திரண்டு குழிகள் வேண்டியிருந்தன. மோட்டார்க் குழாய் அந்த வேலி வரிசையை எங்கோ ஓரிடத்தில் குறுக்கே கடந்து மண்ணுக்குள் போகிறது. சரியான இடம் எனக்கு மறந்துவிட்டது. உடைந்தால் தென்னைகள் காயும்.

டிராக்டரில் குழி போடும் மிஷினை மாட்டிக்கொண்டு வந்தவர் பெரிய மீசைக்காரர். ஒவ்வொரு குழிக்கும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். நான் பதறியதும் சிரித்துக்கொண்டே மிஷினை மண்ணில் இறக்குவார்.

“தம்பி, குழாய் இங்கே இருந்தால்?” என்றேன்.

“இருந்தா ஒரு குழியிலதான ஐயா இருக்கும். மிச்ச இருபத்தொண்ணுக்கும் எதுக்கு இம்புட்டு பயம்?”

கடைசிக் குழியிலும் வெறும் மண்தான் வந்தது. “நெசமாவே குழாய் போட்டீகளா?” என்று கேட்டார். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். தென்னையடியில் தண்ணீர் கொட்டியது. அதில் சாவகாசமாக முகம் கழுவினார்.

குழாய் என்னுடையது என்பதால் அப்படிச் சிரித்தாரா, அவர் சுபாவமே அதுதானா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.