பாதிப்பில்லை என்று எழுதியவன்

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வைக்கும் மைசூர் அறக்கட்டளை ஒன்றின் செயலாளர் நான். இதைச் சொல்லவே கூசுகிறது.

எங்கள் அறங்காவலர்களில் சிவகுமார் சாருக்குப் பார்வை கிடையாது. கூட்டத் தீர்மானங்களை டைப் செய்து அனுப்பினால் அவருடைய போன் வாசித்துக் காட்டும். தாளைப் படமெடுத்து அனுப்பினால் வாசிக்காது. அவர் இரண்டு முறை சொல்லியும், கையெழுத்து, முத்திரையோடு இருக்கட்டும் என்று படமாகவே அனுப்பி வந்தேன். கூட்டத்தில், "எல்லாரும் படிச்சிட்டீங்கல்ல? சம்மதம்னா கை தூக்குங்க" என்பேன். கைகள் உயரும். அவர் கையும்தான்.

போன மாதம் அவர் நேராக என் அறைக்கு வந்தார்.

"நஞ்சன்கூட்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. பொண்ணு மூணு வாரமா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வீல்சேர்ல வாசல்லயே உக்காந்திருக்காளாம். ஸ்கூல் வேனை நிறுத்தினது யாரு?"

"நாமதான் சார். நீங்களும் கை தூக்கினீங்களே."

அவர் முகம் சுண்டிப்போனது. "உங்கள நம்பித் தூக்கினேன். என்ன எழுதியிருந்தீங்க? இப்பப் படிங்க."

படித்தேன். "நஞ்சன்கூடு வேன் நிறுத்தப்படும். இதனால் எந்தக் குழந்தைக்கும் பாதிப்பில்லை." அந்த வரியை ஒரு பெற்றோரிடம்கூடக் கேட்காமல் நானே எழுதியிருந்தேன்.

வேன் அதற்குள் வேறு பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீல்சேர் ஏறக்கூடிய இன்னொன்றுக்கு ஊரெல்லாம் அலைகிறேன், கிடைக்கவில்லை. அந்த அம்மா இப்போது என்னைத்தான் அழைக்கிறார், தினமும் வேன் வரும் நேரத்துக்கு.

"இன்னிக்காவது வருமா சார்?"

வராது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.