எந்த ஹைஸ்கூல்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்து வரும் கேள்வி "எந்த ஹைஸ்கூல்?" என்பதுதான். பதில் சொன்னால் போதும். உங்கள் நிறம், அப்பாவின் சம்பளம், ஞாயிறு போகும் தேவாலயம் எல்லாம் எதிராளிக்குத் தெரிந்துவிடும். ஜாதகம்கூட இவ்வளவு சொல்லாது.

டார்னெட்டா பிளெட்சோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சலித்தவர். கறுப்பினப் பெண்மணி. நகரத்து அரசுப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை. மகள் கமாயாவும் அங்கேதான் படித்தாள். மூன்றாம் வகுப்பில் ஒரே வருடத்தில் நான்கு கணக்கு ஆசிரியர்கள் வந்து போனார்கள். நான்காமவருக்கே வகுத்தலில் சந்தேகம் இருந்தது. அந்தக் கோடையில் டார்னெட்டா நகரை ஒட்டிய ஆஷ்கிரோவுக்குக் குடிபோனார். லாண்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. பாதிச் சம்பளம் வாடகைக்கு.

ஆஷ்கிரோவில் இருப்பதும் அரசுப் பள்ளிதான். ஆனால் அந்த ஊரில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். கட்டணம் கிடையாது, அது வீட்டு விலைக்குள் இருக்கிறது. "நாங்க அரசுப் பள்ளிய நம்புறவங்க" என்று மார்தட்டும் வெள்ளைக்காரப் பெற்றோர் அந்த நம்பிக்கையை ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள். வாசல் புல்வெளியில் 'எல்லோரும் வருக' என்று பலகை வேறு.

அப்படிப்பட்ட பலகைகள் வரிசையாக நிற்கும் தெருவிலிருந்துதான் பள்ளிக்கு மொட்டைக் கடிதம் போயிற்று. காலைதோறும் நீலக் கார் ஒன்று நகரத்துப் பக்கமிருந்து வந்து ஒரு பிள்ளையை இறக்கிவிடுகிறதாம். கையெழுத்து: 'அக்கறையுள்ள பெற்றோர்'. ஆஷ்கிரோவின் பள்ளி நிர்வாகம் ஆள் வைத்துப் பதினொரு நாள் காரைப் பின்தொடர்ந்தது. பிறகு டார்னெட்டாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. ஆஷ்கிரோவில் வசிப்பதை நிரூபிக்காவிட்டால், திங்கள் முதல் பிள்ளை வர வேண்டாம்.

கார் வந்தது உண்மை. டார்னெட்டாவுக்கு வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். பிள்ளையைத் தனியே விட முடியாமல் கூடவே அழைத்துப் போவார். கமாயா சமையற்கூட மூலையில் உட்கார்ந்து, அங்கே சமைத்ததைச் சாப்பிடுவாள். ஏழரை மணி இடைவேளையில் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவார். இதை அப்படியே சொன்னால் பிள்ளையின் படிப்பு பிழைக்கும், ஆனால் வேலை போகும். அங்கே சேராத பிள்ளைக்கு ஒரு தட்டுக் கொடுப்பதும் திருட்டுக் கணக்கில்தான் வரும்.

உடன் வேலை பார்க்கும் ஒடெஸ்ஸாவின் மூன்று பிள்ளைகளும் அந்த நகரத்துப் பள்ளியில்தான். "நம்ம பான்கேக் மட்டும் இனிக்குது, பாடம் கசக்குதோ மகாராணிக்கு?" என்று தினமும் குத்துவார். வேலை நேரத்துக்குச் சாட்சி சொல்ல அவரைத்தான் டார்னெட்டா கெஞ்சிக் கூட்டிப்போனார்.

விசாரணை அதிகாரி ஓபர்ஹோல்ட் தங்கமான மனிதர். நாக்குப் பழக்கத்தில் கேட்டார்: "எந்த ஹைஸ்கூல் நீங்க?"

"வாண்டர்மீர்."

"அட! எங்க அம்மா அங்கதான் படிச்சாங்க. அப்பல்லாம் அருமையான ஸ்கூல்."

"கட்டடம் அதேதான் சார். பிள்ளைங்க நிறம்தான் மாறிச்சு."

அவர் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். "வாடகைப் பத்திரம், கரண்ட் பில் எல்லாம் சரியா இருக்கு. ஆனா பிள்ளை ஏன் காலைல நகரத்துல இருந்து வருது?"

"என்கூட வேலைக்கு வருவா."

"அங்க ரெண்டு மணி நேரம் என்ன பண்ணுவா?"

"வீட்டுப்பாடம்."

"எங்க ஆளு ஒண்ணு எழுதியிருக்காரு. கார்ல இருந்து இறங்கும்போது பிள்ளை வாயில பான்கேக்ல ஊத்துற இனிப்பு சிரப் ஒட்டியிருந்துச்சாம். எங்க சாப்பிட்டா?"

வீட்டில் என்றால் பொய்; வேலையிடத்தில் என்றால் வேலை போச்சு.

"அது என் தட்டு சார்," என்றார் ஒடெஸ்ஸா. "சமைக்கிறவங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. எனக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பைத் தொடக்கூடாது. என் தட்டை நான் பிள்ளைக்குக் குடுப்பேன், நாய்க்கும் குடுப்பேன். அதுக்கும் ஒரு கமிட்டி வச்சிருக்கீங்களா?"

ஒடெஸ்ஸாவுக்குச் சர்க்கரை இருப்பது டார்னெட்டாவுக்கே அன்றுதான் தெரியும்.

ஓபர்ஹோல்ட் நெடுநேரம் எழுதினார். கமாயா தொடரலாம். ஆனால் மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் ஆள் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் படுக்கை அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார். சம்மதமா? டார்னெட்டா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஒடெஸ்ஸா பிடித்துக்கொண்டார். "அப்படி என்னதான்டி இருக்கு அந்த ஸ்கூல்ல?"

"செப்டம்பர்ல ஸ்கூல் திறந்தப்ப வந்த கணக்கு டீச்சரே இன்னும் இருக்காங்க அக்கா."

"உன்ன மாதிரி ஆளுங்க ஓடாம நின்னு சண்டை போட்டா நம்ம ஸ்கூல்லயும் இருப்பாங்க."

"இருப்பாங்க," என்றார் டார்னெட்டா, கார்க் கதவைத் திறந்தபடி. "அதுக்குள்ள கமாயாவுக்குப் பதினெட்டு வயசாயிரும்."