வெறும் கல்லைக் காய வைத்தவள்

இரும்பு காயும்போது நிறம் மாறும் என்பதை நான் கல்யாணமாகி வந்த வருடம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. பிறகு டிகாஷன் போல ஒரு பழுப்பு. அதன் பிறகு கத்தரிக்காய்த் தோலின் ஊதா. கடைசியில், இரண்டு அடுப்புகளுக்கு நேர் மேலே இருந்த இடங்களிலிருந்து நீலம் கிளம்பி மெல்ல மெல்ல அகன்று, தோசைக்கல்லின் நடுவில் வந்து ஒன்று சேர்ந்தது. என் ஓரகத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இங்க வந்து பாருடி, மயில் கழுத்து! இந்தக் கலர்ல எனக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுக்கச் சொன்னா உங்க மாமா இரும்புல காட்றாரு" என்றாள். மாமா என்றது அவள் புருஷனை. என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் சிரித்தபடி அடுப்பைக் குறைத்தார். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மராட்டி பேசுகிற ஊர்ப்பக்கமான போபோடியில், கட்கிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் நடந்து போகிற சந்தில் எங்கள் வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், எங்கள் மாமியாரான அத்தை. சந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போவதால் சமையலறை ஜன்னலும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். அந்த ஜன்னல் வழியாக அக்கா காலையில் தோசை விற்றாள். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குக் குழந்தை இல்லை. அதை வீட்டில் யாரும் திட்டிச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்போதெல்லாம் அத்தை ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தை தினமும் அழுதது.

ஆரணியிலிருந்து கொண்டுவந்த வட்டக் கல்லில் ஒரு நேரத்துக்கு ஒரு தோசைதான் ஊற்ற முடியும். சங்கு ஊதுவதற்குள் உள்ளே போக வேண்டியவர்கள் ஜன்னலில் நின்று கத்துவார்கள். மாமா ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தார். முதலாளியிடம் கேட்டு, மிச்சம் விழுந்த ஸ்டீல் தகடு ஒன்றை வாங்கி, இரண்டு அடுப்பையும் மூடுகிற அளவுக்கு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, பக்கத்துக்கு ஒரு கம்பியை வளைத்துப் பிடி வைத்துக் கொண்டுவந்தார். தகட்டின் மேல் ஒட்டியிருந்த மெஷின் எண்ணெயைச் சோப்புப் போட்டு நானும் அக்காவும் கழுவினோம். மாமா தன் இரும்பு ஸ்கேலைக் கல்லின் மேல் நிமிர்த்தி வைத்து, கண்ணைக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் கல்லில் மேடு பள்ளம் இருக்கிறது என்று அர்த்தமாம். ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை. பிறகு அடுப்பின் மேல் வைத்து, நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அது மெதுவாக ஜன்னல் பக்கம் ஓடியது. அந்தப் பக்கத்து அடுப்புக் காலுக்கு அடியில் ஒரு வாஷரைச் செருகினார். அடுத்த சொட்டு விட்ட இடத்திலேயே நின்றது. "பாத்தியா, நின்னுடுச்சி. இனிமே உன் தோச வட்டமாத்தான் வரும். நீ நெனச்சாலும் கோணயா சுட முடியாது" என்றார் அக்காவிடம்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைதான் எங்கள் வீட்டில் செய்யக்கூடாத வேலை. புது ஸ்டீல் கல்லை ஒன்றும் இல்லாமல் வெறுமையாக அடுப்பில் வைத்து, புகை அடங்குகிறவரைக்கும் காய விட வேண்டும். அத்தைக்கு வெறும் கல் அடுப்பில் காய்வது என்றால் ஆகாது. சாவு விழுந்த வீட்டில்தான் கல் சும்மா காயும் என்பார். காய்ந்த கல்லில் தண்ணீர் பட்டுச் 'சுர்' என்று சத்தம் வந்தாலே காதைப் பொத்திக்கொள்வார். அவர் புருஷன் இறந்த அன்று, அடுப்பில் தோசைக்கல் இருந்ததாம். சேதி கேட்டு எல்லோரும் தெருவுக்கு ஓட, அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருந்ததாம். அதனால்தான் அத்தை கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாமாவும் அக்காவும் அந்த வேலையை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் புகை சந்து முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா ஜன்னலில் எட்டி, "காய் ஜாலா வஹினி, ஆக் லாக்லி கா?" என்று பதறினாள். தீப்பிடிக்கவில்லை என்று அக்கா கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பஸ் கிடைக்காமல் திரும்பி வந்துவிட்ட அத்தை வாசலில் நின்றார்.

"இன்னாடி இது? கல்லு மேல ஒண்ணுமே இல்ல?"

"எண்ண கீதும்மா. உன் கண்ணுக்குத் தெர்ல" என்றார் மாமா.

"தெரியறது எனக்குத் தெரியும்டா. வெறுங்கல்ல காய வெக்கிறவ வூட்டயே காய வெப்பா."

மாமா அதையும் சிரிப்பாக மாற்றப் பார்த்தார். அத்தை சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அக்கா ஒரு பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு, சூடான கல்லில் மெல்லிசாகத் தடவி, உடனே வேறொரு காய்ந்த துணியால் அதைத் துடைத்து எடுப்பாள். மறுபடி புகையும். மறுபடி தடவுவாள், துடைப்பாள். எண்ணெய் அதிகமானால் கல் வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்துப் போகும் என்று அவளுக்கே ஒரு தடவை கெட்டுப்போய்த்தான் தெரிந்தது. அரை வெங்காயத்தால் தேய்த்து முதலில் ஊற்றிய தோசைகள் எல்லாம் பிய்ந்துதான் வந்தன. அவற்றை நாங்களே தின்றோம். சில வாரங்களில் கல் பழுப்பாகி, பிறகு கறுத்து, கண்ணாடி மாதிரி ஆனது. எண்ணெயே விடாமல் ஊற்றினாலும் தோசை தானாக ஓரம் தூக்கிக்கொண்டு எழும். சோப்பு அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. சுடச்சுட இருக்கும்போது ஈரத்துணிகூட வைக்க மாட்டாள். ஸ்டீல் சட்டென்று குளிர்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று மாமா சொல்லியிருந்தார்.

ஜன்னல் ஓரத்தில் அக்கா வேறு ஆளாக இருந்தாள். "ஏக் கடக்" என்று ஒருவன் முறுகலாக ஒன்று கேட்டால், "கடக் வேணும்னா சூப்பர்வைசரைப் போய்ச் சாப்பிடு, அவர்தான் கடக்" என்று இந்தியும் தமிழும் கலந்து அடிப்பாள். எனக்கு ஜன்னல் பக்கம் போகவே கூச்சம். உள்ளே உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஜன்னலில் அவளை யாரும் குழந்தை உண்டா என்று கேட்டதில்லை. தோசை உண்டா என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கண் மஞ்சளானபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே போன பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சந்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. தினமும் ஜன்னலில் நின்ற ஆட்கள்தான் தூக்கிப் போனார்கள்.

அத்தை முதலில் அழவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "காய வெச்சிட்டியேடி" என்றார். அதன் பிறகுதான் அழுதார். நடுவில் எத்தனையோ வருடங்கள் அந்தக் கல்லில் சுட்டுத்தான் வீடு சாப்பிட்டது என்று சொல்ல அந்த நேரத்தில் யாருக்கு வாய் வரும்?

கருமாதி முடிந்து தீட்டுக் கழிக்கிற அன்று வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வழக்கம். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொன்றாகக் குழாயடிக்கு எடுத்துப் போனார்கள். அக்கா தாலி இறக்கிய கழுத்தோடு உள்ளறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் எழுந்து வெளியே வரக்கூடாது. நான் பக்கத்தில் இருந்தேன். பித்தளைச் சத்தம், எவர்சில்வர் சத்தம் எல்லாம் வந்துகொண்டிருந்தன. திடீரென்று செங்கல்லை இரும்பில் வைத்து இழுக்கிற சத்தம் கேட்டது. அக்கா தலையை நிமிர்த்தினாள். "அது கல்லுடி" என்றாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தையே புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, செங்கல் தூளும் புளியும் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா தடவித் துடைத்து ஏற்றிய கறுப்பு முழுக்கக் கரைந்து சாக்கடையில் ஓடியது. தகடு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல வெள்ளையாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் மழை ஈரத்தில் அதன் மேல் செம்பட்டையாகத் துரு பூத்திருந்தது.

அக்காவின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். அத்தை அவரிடம், கூட்டிப் போய்விடுங்கள் என்றார். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் முதல் முகமாக இந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நல்லதில்லை என்றும் சொன்னார். அக்கா அண்ணனிடம் ஒரு வாரம் கேட்டாள். "ஜன்னல தொறந்து நாலு பேரு வந்து தின்னாங்கன்னா நான் இங்கயே இருந்துக்கறேண்ணா. வரலன்னா உன்கூட வரேன்." அண்ணிக்காரி இருக்கிற வீட்டுக்கு வெறும் கையோடு போய் நிற்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, எண்ணெய் தடவி, பழைய நம்பிக்கையில் மாவை ஊற்றினாள். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டச் சுரண்டத் தூளாக வந்தது. ஜன்னலுக்கு வந்தவர்கள் முகத்துக்காக அதையே வாங்கித் தின்றார்கள். ஒருவர் மட்டும் "கல்லுக்கு இன்னா ஆச்சிக்கா?" என்று கேட்டார். அக்கா ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி முதலிலிருந்து வெறும் கல்லைக் காய வைத்தால்தான் முடியும். வேறு வழியே இல்லை.

மறுநாள் அவள் மறைக்கவில்லை. அத்தை வீட்டில் இருக்கும்போதே இரண்டு அடுப்பையும் பற்ற வைத்து வெறும் கல்லை ஏற்றினாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். அத்தை சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு வந்தது, ஊதா வந்தது. இரண்டு பக்கமும் நீலம் கிளம்பி நடுவில் சேரும்போது அக்காவின் உதடு அசைந்தது. மயில் கழுத்து என்று சொன்னாளோ என்னவோ, சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் அத்தை எழுந்தார். "என் புள்ளய ஒரு வாட்டி எரிச்சது போதாதாடி!" என்று கத்திக்கொண்டு, குடிதண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிக் கல்லின் மேல் கவிழ்த்தார்.

வாழ்நாள் முழுக்க அவர் காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சத்தம் அவர் கையாலேயே வந்தது. அதற்குப் பின்னால் கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்ததுபோல 'டங்' என்று இன்னொரு சத்தம். அறை முழுக்க ஆவி. அது அடங்கியபோது அத்தை காலிக் குடத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பரணிலிருந்து மாமாவின் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தாள். கல்லின் மேல் அதை நிமிர்த்தி வைத்துக் குனிந்தாள். நானும் குனிந்தேன். நடுவில் ஸ்கேல் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் கல்லை மாமாவின் பழைய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் எழும்பியது. திரும்பி வந்து, "போனா போவுது அண்ணி, வேற கல்லு வாங்கிக்கலாம்" என்றார். அக்கா, அத்தை படுத்திருந்த பக்கம் பார்த்தாள்.

"கல்லு வாங்கலாம் தம்பி. இந்த வூட்ல அத காய வெக்க முடியாது."

வாரம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அடுத்த ரயிலுக்கே அண்ணனோடு கிளம்பினாள். ஸ்டேஷனில் என்னிடம், "சட்னிக்கு உப்பு கம்மியா போடற நீ, இனிமே யாரு சொல்வா" என்றாள். அதன் பிறகு, "கல்ல பழைய இரும்பு எடுக்கற பங்கார்வாலாகிட்ட போட்றாத. எண்ண தடவி வை" என்றாள்.

அத்தை அதற்கப்புறம் தோசையே சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அக்காவை நான் இன்னும் ஒரு தடவைதான் பார்த்தேன், ஆரணியில் ஒரு கல்யாணத்தில். பந்தலுக்குப் பின்னால் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. முகூர்த்த நேரத்தில் அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமலேயே, "கல்லு எப்டி கீது?" என்றாள். "பரண் மேல கீதுக்கா." "தடவறியா?" "தடவறேன்." "தொடச்சி எடுக்கறியா?" "எடுக்கறேன்." திருப்தியானதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அண்டாவை இழுத்துக்கொண்டாள். அவள் இறந்த சேதி எங்களுக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

இப்போது அத்தையும் இல்லை. என் மகனும் மருமகளும் ஹடப்சரில் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள்; நான் இதே பழைய வீட்டில்தான். மாவே ஒட்டாத புதுக் கல் ஒன்றை மருமகள் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நல்ல பெண். பரணில் கிடக்கிற தகட்டைப் போட்டுவிடலாமே என்று அவள் சொன்னதிலும் தப்பில்லை. போன மழைக்கு எண்ணெய்க்கு மேலேயே துரு ஏறியிருந்தது.

அதை இறக்கி, மணல் போட்டுத் தேய்த்து, அடுப்பில் ஏற்றினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். புகை வந்தது. சந்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வைக்கோல், பழுப்பு, ஊதா எல்லாம் முறையாக வந்தன. நீலமும் வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கத்திலும் கிளம்பிய நீலம் நடுமேட்டின் அடியில் வந்து கொஞ்சம் தயங்கி, பிறகு மேலே ஏறி ஒன்று சேர்ந்தது. எண்ணெயைத் தடவி, துடைத்து எடுத்துவிட்டு, நடுவில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது அங்கே நிற்கவில்லை. ஜன்னல் பக்கமாக ஓடி, அக்கா நிற்கிற ஓரத்தில் போய் நின்றது. அங்கேயே மாவை ஊற்றினேன். முதல் தோசை பிய்ந்துதான் வந்தது.