மூன்று வருட மிச்சம்

எங்கள் நகர சபையின் கணக்காளர் பெற்றீசியா மிஸ் சிக்கனத்துக்குப் பேர் போனவர். புதுப் பேனை கேட்டுப் போனால் பழையதைக் காட்டச் சொல்வார். அவருக்குக் கீழே பதினோரு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். பயமும் உண்டு, அவரைப் பற்றிப் பெருமையும் உண்டு.

மிஸ் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுத்துத்தான் படிக்க வைத்தார். கணக்காளர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை தேறினார். இவ்வளவு பெரிய பதவிக்கு வந்த பிறகும், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுப்பதை விடவில்லை. ஒரு சதம் வாங்குவதில்லை.

சபையின் வரவு செலவுத் திட்டத்தை வருடா வருடம் ஏழு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்போம். ஈ காக்கை எட்டிப் பார்க்காது. போன வருடத்துக்கு முந்தின வருடம் மிஸ் தன் வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நிஜக் கணக்கைப் பார்க்கட்டுமாம்.

தனுஷிகா என்ற பிள்ளை ஒரு வரியில் விரலை வைத்தது. பஸ் நிலையத்தில் பெண்கள் கழிப்பறை. மூன்று வருடமாகக் காசு ஒதுக்கியிருக்கிறது; கட்டிக் கொடுக்கக் கொந்தராத்துக்கு ஆள் வரவில்லை என்று வருடக் கடைசியில் அது மிச்சத்தில் சேர்ந்திருக்கிறது. அந்த மிச்சத்துக்காகத்தான் மிஸ்ஸை மேலிடம் பாராட்டியிருந்தது.

“மிஸ், இது எப்பிடி மிச்சமாகும்? டவுனுக்கு வர்ற அன்னைக்கு எங்கம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்க.”

வாயை மூடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

“எங்கம்மாவும் அப்பிடித்தான்” என்றார். பிறகு, “இத எழுத்துல குடும்மா” என்றார்.

சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் சிவசாமி ஐயா கெட்டிக்காரர். “சின்னப் புள்ளைங்க எழுதுனதுதானே, ஃபைலுக்குள்ள போட்டுருங்க மிஸ். ஒங்களுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்” என்று நைசாகச் சொன்னார். மாகாண சபையில் பெரிய நாற்காலி. மிஸ்ஸுக்கு அதன்மேல் ஆசை இருந்தது எனக்குத் தெரியும்.

சபை கூடிய அன்று மிஸ் எழுந்து நின்றார். கையில் அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த தாள் இருந்தது.

“மூணு வருஷமா நான் மிச்சம்னு காட்டினது மிச்சமில்லைங்க. நாம செய்யாம விட்ட வேலை. கையெழுத்து என்னோடது. இந்த வருஷம் நானே நின்னு முடிச்சுத் தாறேன்.”

அந்த நாற்காலி வேறு யாருக்கோ போயிற்று. எனக்குத்தான் வயிறு எரிந்தது. மிஸ் சப்பாத்தில் சேற்றோடு கட்டிட வேலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

பத்து மாதத்தில் கட்டி முடிந்தது. திறப்பு விழா அன்று தவிசாளர் வரச் சுணங்கிவிட்டார். அதற்குள் பொகவந்தலாவை பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் வாசலில் ரிப்பனைப் பார்த்துத் தயங்கினார்கள். மிஸ் ஓடிப்போய் ரிப்பனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“போங்கம்மா, ஒங்களுக்குத்தான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தவிசாளர் வந்து சேர்ந்தபோது, வரிசை முடியும்வரை அவரும் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டியிருந்தது.