சர்வர் மேல் போட்ட பழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூன் மாதம். போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் நடத்தும் சின்னக் கணினி மையத்தில் நடந்தது இது. சாதிச் சான்று, பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாம் செய்து தருவேன். கடையில் இருப்பது ஒரே கணினி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்து வைரஸ் வாங்கி வாங்கி நொந்துபோய் மாறியவன் நான். மாறியதோடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடையில் நிற்பவரைக்கூட விடாமல் லினக்ஸ் பெருமை பேசுவேன்.

அன்று மதியம் ஒரு அக்கா வந்தார். போடிமெட்டுக்கு அப்பால் மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மகளுக்குக் காய்ச்சல் என்பதால், பிளாஸ்டிக் பையில் சுற்றிய சான்றிதழ்களோடு இவர் மட்டும் தோட்டத்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். அந்த ஜீப் மூன்றரைக்குத் திரும்பிவிடும் என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தை நிரப்பி முடித்தேன். அடுத்து சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய வேண்டும். முந்தின நாள்தான் புது ஸ்கேனர் வாங்கியிருந்தேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை இயக்கும் மென்பொருள் தனியாக வேண்டும். லினக்ஸில் மென்பொருள் தேடுவது பொதுவாகச் சுலபம். அதற்குள்ளேயே ஒரு கடை மாதிரி இருக்கும். பெயரைத் தேடி ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இந்த ஸ்கேனருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குக் கை பரபரத்தது.

இணையத்தில் துழாவியதில் ஏதோ ஒரு பக்கத்தில் நான்கு வரிக் கட்டளை கிடைத்தது. பழைய லினக்ஸுக்கு எழுதியது என்று மேலேயே போட்டிருந்தார்கள். பார்த்தும் பார்க்காததுபோல அப்படியே எடுத்து ஒட்டினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். எதையெல்லாம் புதிதாகச் சேர்க்கப் போகிறேன், எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று கணினி திரை நிறையப் பட்டியல் போட்டுவிட்டு, சரியா என்று கேட்டது. ஒரு வரிகூடப் படிக்காமல் சரி என்று தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த படங்கள், ஜன்னல்கள், இன்னும் அனுப்பாத விண்ணப்பம் எல்லாம் ஒன்றாக மறைந்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் என் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு ஒரே ஒரு வரி மட்டும் நின்றது.

அக்கா எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் நாக்கு நுனியில் ஒரு பதில் உண்டு. யோசிக்காமல் அதையே சொன்னேன். சர்வர் வேலை செய்யவில்லை என்று, விண்ணப்பம் வாங்குகிறவர்களின் கணினி மேல் பழியைப் போட்டேன்.

அவர் சண்டை போடவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பிளாஸ்டிக் பையில் திரும்பவும் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சர்வரு இல்லேன்னா தேதியத் தள்ளி வப்பாங்களாண்ணே?"

அவர் அப்படியே ஜீப்பில் ஏறிவிடுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த தெருவில் இன்னொரு மையம் இருக்கிறது. கூட்டம் வாசலைத் தாண்டி நின்றாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சர்வரே இல்லை என்று நம்புகிறவர் எதற்காக அங்கே போவார்? அந்தப் பெண்ணின் ஒரு வருடம் என் வாயால் போகப் பார்த்தது.

வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"சர்வரெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. நாந்தான் படிக்காம ஒண்ணத் தட்டி கம்ப்யூட்டரக் கெடுத்துட்டேன்."

திட்டுவார் என்று குனிந்துகொண்டேன். அவர் பையை மடியில் வைத்து நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்க தப்புதானா? அப்ப நீங்களே சரி பண்ணிருவீங்கள்ல. சர்வருன்னா நான் யார்கிட்டப் போயி நிக்கிறது?"

ஜீப் டிரைவர் வந்து கூப்பிட்டபோது, சோலி முடியலை, நீங்க போங்க என்று அனுப்பியும்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போனேன். லினக்ஸ் தான் நீக்கியதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்து, இந்த முறை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, போனதையெல்லாம் இணையத்திலிருந்து திரும்ப இறக்கினேன். மணி நாலேகாலுக்குப் பழைய திரை வந்தது. ஸ்கேனர் மட்டும் முன்போலவே முறைத்துக்கொண்டு நின்றது. என் செல்போனிலேயே சான்றிதழ்களைப் படம் எடுத்து, அளவைக் குறைத்து ஏற்றினேன். இதை இரண்டு மணிக்கே செய்திருக்கலாம். புது ஸ்கேனரை ஓட வைத்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் எனக்கு அது தோன்றவே இல்லை.

நிரப்பியதையே மறுபடி நிரப்பி அனுப்பியபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒப்புகைச் சீட்டை அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மேலே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து தோட்டத்துக்கு எப்படிப் போனாரோ. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள மனசு கிடந்து அடித்துக்கொண்டது, ஆனால் அவர் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

தப்பை ஒப்புக்கொண்டால் எதிரில் இருப்பவருக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கோ நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.