புருவத்தின் வால்

என் புருவத்தினால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சின்னக் கேட் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வெளியூர் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளான ராத்தாவுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கட்டி, நடுவில் மதில் எழுப்பினார். மதில் கட்டி முடிந்த பிறகுதான், இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால் தெருவைச் சுற்றி வர வேண்டுமே என்று யோசித்து, அதிலே ஓட்டை போட்டு அந்தக் கேட்டை வைத்தார். மாப்பிள்ளைமார் இரண்டு பேரும் எங்கள் வீடுகளுக்கு வந்தவர்கள். ராத்தாவும் நானும் பிறந்த மண்ணை விட்டு நகரவில்லை. அவள் மீன் பொரித்தால் என் பூனை அங்கே போய் நிற்கும். பின்னாலேயே நானும் போய் நிற்பேன்.

ராத்தா எனக்கு ஏழு வயது மூத்தவள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் வீட்டு மண்டபத்தில்தான் கூடி ஓதுவார்கள். மார்க்க விசயத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் தரம் நான்குக்குப் படிப்பிக்கிறவள். என் வாய்க்குப் பிள்ளைகள் பயம், சில நேரம் அதிபரும் பயம். நான் பயப்படுகிற ஒரே ஆள் ராத்தா. உம்மா மௌத்தான பிறகு எனக்கு உம்மாவும் அவள்தான்.

எனக்கு இந்த வருத்தம், இந்த நோய் வந்தது எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காய்ச்சல் மாதிரி ஒரு நாளில் வந்தது இல்லை. வெயில் கொளுத்தும்போது எனக்குக் குளிரும்; ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கணவரோடு சண்டை பிடிப்பேன். குசினிக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காலையில் முகம் ஊதியிருக்கும். பகலில் கொப்பி திருத்தும்போதே நித்திரை வரும். கணவரின் உம்மா கண்ணூறு என்றார். ஓய்வறையில் ஒரு ஆசிரியை, வயது போகிறதுதானே என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

பிறகு புருவம் கொட்டத் தொடங்கியது. முழுவதும் இல்லை, வெளிப்பக்கம், வால் பகுதி மட்டும். நான் கவனிக்கவில்லை. என் கணவர் கவனிக்கவே இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அவருக்குப் போதும். கண்டது ராத்தா.

ஒரு நாள் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"புருவத்த என்னடி செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்லயே."

"ஒண்டும் செய்யாமலா வால் போன? பார்லருக்குப் போனயா?"

புருவ முடியைப் பிடுங்கி வடிவாக்குவது எங்கள் மார்க்கத்தில் கூடாத காரியம். தலையை மூடப் பழகிய வயதிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கெட்ட காலத்துக்கு, அதற்கு முந்திய கிழமைதான் மகளுக்கு முடி வெட்ட எங்கள் தெரு முனையில் புதிதாகத் திறந்த பார்லருக்குப் போயிருந்தேன். போனதை ஊரே கண்டிருந்தது. மகளுக்காகப் போனேன் என்று சொன்னேன். ராத்தா "ஓம், ஓம்" என்றாள். அவள் இரண்டு தரம் ஓம் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மகளின் கண்மைப் பென்சிலை எடுத்து வாலைக் கீறிக்கொண்டேன். அதிலும் ஒரு தொல்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் வுழூச் செய்ய வேண்டும். வுழூ என்றால் முகம் கழுவ வேண்டும். கழுவினால் பென்சில் போகும். தொழுதுவிட்டு மறுபடியும் கீறுவேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை புருவம் இழந்து, ஐந்து முறை புருவம் பெற்ற பெண் இந்தக் கிழக்குக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கரைப்பற்றில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அஸர் நேரம், பெண்கள் எல்லாரும் பின்வளவுக் குழாயடியில் வரிசையாக நின்றோம். நான் வழக்கம்போல முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். ராத்தா துவாயை நீட்டிக்கொண்டு நின்றாள். அன்று மகளுடைய பென்சில் முடிந்திருந்ததால் கடையில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். அது தண்ணீருக்குப் பாதிதான் போகிற சாமான். முகத்தைத் துடைத்தபோது துவாயில் கறுப்பு இழுபட்டது. ராத்தா துவாயைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் கதைத்தாள். "எடுத்ததும் இல்லாம கீறவும் செய்யிறயா? அதக்கூட அல்லாஹ் மன்னிப்பான். என்ட முகத்தப் பார்த்துப் பொய் சொன்னயே, அதுதான் எனக்கு ஏலாம இரிக்கி."

அடுத்த நாள் கேட்டில் ஒரு பூட்டுத் தொங்கியது.

பழைய நான் என்றால் கல்லெடுத்து அந்தப் பூட்டை உடைத்து, உள்ளே போய்ச் சத்தம் போட்டு, அவள் ஆக்கிய மீன்கறியில் சாப்பிட்டும் விட்டு வந்திருப்பேன். ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் வீட்டுச் சட்டி சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஓதல் சத்தமும் கேட்கும். நான் போகவில்லை. என்னைப் பெற்றவளுக்குச் சமமானவள் என்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறாள் என்பதை நினைத்து நினைத்து அழுவேன்; அழுதபடியே நித்திரையாகிவிடுவேன்.

கடைசியில் குரல் போனது. அடுத்த கட்டடத்துக்குக் கேட்கிற என் குரல் கரகரத்து, தடித்து, இழுபட்டது. "மிஸ் வாப்பாட குரல்ல கதைக்கிறா" என்று ஒரு பிள்ளை சொல்ல வகுப்பே சிரித்தது. அதிபர் கூப்பிட்டு, டொக்டரிடம் காட்டாமல் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். என் கணவர் வேளாண்மை வெட்டுக்காக வட்டையில், வயல் வாடியில் நின்றார். அறுவடை மெசினை விட்டுவிட்டு வர முடியாது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ராத்தாவுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறார். காலையில் வாசலுக்கு வந்தால் ஓட்டோவுக்குள் ராத்தா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். நேரே சாரதியின் முதுகைப் பார்த்தபடி "ஏறு" என்றாள். கிளினிக் போய்ச் சேரும்வரை அந்த ஒரு சொல்தான்.

டொக்டர் ஒரு இளம் பெண், தம்பிலுவில் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னமே என் கையைப் பிடித்தார்.

"ஏன் அக்கா கை இப்படிக் குளிருது? வெளியில நல்ல வெயில்தானே."

நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கேட்டுக்கொண்டே கைத்தோலைத் தடவிப் பார்த்தார். நாடித்துடிப்பை எண்ணினார், எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். கதவைப் பூட்டிவிட்டு, ஸ்காஃபைக் கழற்றச் சொன்னார். கழுத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீரில் ஒரு மிடறு குடியுங்கள் என்று கிளாஸை நீட்டினார்.

"நான் நோன்பு, டொக்டர்." ரமழானில் விடுபட்டதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எச்சிலை விழுங்குங்க. அது நோன்ப முறிக்காதெண்டு எனக்கும் தெரியும்," என்று சிரித்தார். நான் விழுங்க, அவர் விரல்கள் என் தொண்டையில் எதையோ தேடின.

பிறகு கதிரையில் முழங்காலில் ஏறி நிற்கச் சொன்னார். பாதம் இரண்டும் பின்னால் தொங்கின. ரப்பர் வைத்த சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளியது எனக்கே தெரிந்தது. ஆனால் திரும்பிப் போக அது அவசரப்படவில்லை. நித்திரை கலையாத ஆள் பாயைச் சுருட்டுவது போல ஆறுதலாகப் போனது. டொக்டர் மற்றக் காலிலும் தட்டிப் பார்த்துவிட்டு "ம்ம்" என்றார்.

என்னை இறக்கி உட்கார வைத்து முகத்தைக் கிட்டப் பார்த்தார். "புருவத்துக்குப் பென்சில் போட்டிருக்கீங்களா?"

நான் வாய் திறக்குமுன் மூலையில் இருந்த ராத்தா திறந்தாள். "அவ பார்லருக்குப் போய் எடுக்கிற, டொக்டர். மறுகா கீறிக்கொள்ளுற."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டொக்டர் பஞ்சை நனைத்து மெதுவாக இரண்டு பக்கமும் துடைத்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். துடைத்த இடத்தை விரலால் தடவினார்.

"இது எடுத்தது இல்ல அம்மா," என்று ராத்தாவிடம் சொன்னார். "இது கொட்டினது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, நுனியில மட்டும்." பிறகு என்னிடம் திரும்பி, "எப்ப இருந்து கொட்டுது அக்கா?" என்று கேட்டார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டார். அந்தப் பிள்ளைக்கு நான் பட்டிருக்கிற கடன் வாழ்நாளில் தீராது. அழுதுவிட்டேன். கரகரத்த குரலில் அழுதால் எப்படி இருக்கும்? கன்றைப் பிரிந்த எருமை கத்துவது போல இருந்தது.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். கழுத்துக்குள் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது சோர்ந்து போனால் உடம்பே சோர்ந்து போகுமாம். குளிர், குரல், முகவீக்கம், பாதத்தின் சோம்பல், புருவத்தின் வால் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்றார். இரத்தம் பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்வேன், ஆனால் தினமும் ஒரு குளிசை விழுங்கினால் சரிக்கட்டலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

ராத்தா எழுந்து கிட்ட வந்தாள். "அப்ப இவ எடுக்கல்லயா?"

"இல்ல அம்மா."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் எடுக்கல்ல ராத்தா," என்றேன் நான்.

திரும்பி வரும்போது ராத்தா சாரதியின் முதுகைப் பார்க்கவில்லை. என் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "நான்தான்டி முதல்ல கண்டன். கண்டும் விளங்கல்ல எனக்கு," என்றாள். அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது. அது நல்ல சூடாக இருந்தது.

அதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் சொன்னது உண்மை. என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிறவர் காணவில்லை, கண்ணாடி பார்க்கிற நான் காணவில்லை. என் புருவத்தில் நாலு மயிர் குறைந்ததைக் கண்டது அவள். பிழையாக விளங்கிக்கொண்டாள், சரி. ஆனால் அவ்வளவு கிட்ட வந்து என் முகத்தைப் பார்க்க இந்த உலகத்தில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், அதற்காகத்தான் நான் இன்றைக்கும் முதலில் நன்றி சொல்கிறேன். டொக்டருக்கு அடுத்தது, குளிசைக்கு அதற்கும் அடுத்தது.

ஓட்டோவால் இறங்கியவுடன் ராத்தா தன் வீட்டுக்குள் ஓடிப் பூட்டின் திறப்புச் சாவியைத் தேடினாள். பொறுமை இல்லாமல் தேடினாள், கிடைக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உலக்கையால் இடிக்கிற சத்தம் கேட்டது. பூட்டு விழுந்தது, கேட்டின் ஒரு பிணைச்சலும் சேர்ந்து விழுந்தது. அந்தக் கேட் இன்றைக்கும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கிறது. சரிக்கட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

இரத்தப் பரிசோதனையும் டொக்டர் சொன்னதையே சொன்னது. சுபஹுக்கு எழும்பியதும் வெறும் வயிற்றில் குளிசை போடத் தொடங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா என்னை இழுத்துக்கொண்டு போய், ஓத வந்த பெண்களுக்கு முன்னால் நிறுத்தினாள். "என்ட தங்கச்சி புருவம் எடுக்கிறாவெண்டு நான் நினைச்சன். உங்கள்ல சில பேருக்கிட்டச் சொல்லியும் இரிக்கன். அது நோய். நான் சொன்ன பிழை. அவட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டன், அல்லாஹ்ட்டயும் கேட்டுட்டன்," என்றாள். பிறகு பார்த்தால் ஒவ்வொருத்தியும் ஸ்காஃபுக்குள் விரலை விட்டுத் தன் தன் புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

குளிர் போனது. ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்லி இப்போது நான் சண்டை பிடிக்கிறேன். குரல் அடுத்த கட்டடத்துக்கு மறுபடியும் கேட்கிறது. அதிபர் சந்தோசப்பட்டாரா என்று தெரியவில்லை. புருவம்தான் கடைசியாக வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள், அடுப்பில் இனிப்புத் தொதல் கிண்டிக்கொண்டிருந்த ராத்தா அகப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"புருவத்த என்னடி செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்லயே."

பெருவிரலால் வால்வரைக்கும் நீவிப் பார்த்தாள். "காடு மாதிரி வளர்ந்து கிடக்கு. பார்லருக்குப் போய்க் கொஞ்சம் எடுத்துட்டு வா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. "அஸ்தஃபிருல்லாஹ்," என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டபடி, தொதல் ஒட்டிய கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.