கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கதாநாயகன்

ரப்பர் மரத்து ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும் முகப்பவுடரின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எங்கள் தோட்டத்தில் நாடகம் என்று பொருள். மலேசியாவில் ரந்தாவுக்கு அருகே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டுக்களம்’தான் திருவிழா மாலைகளில் மேடையாகும். அந்த ஆண்டு, எல்லோரும் டவுனுக்குப் போய்ப் பார்த்துவந்த ஒரு காதல் படத்தையே பாட்டு நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. சிறுமியாக இருந்த நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

பெண் வேடத்துக்கு ஆண்டுதோறும் மீசை மழிக்கும் கோவிந்தன் அண்ணன், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் மீசையை விட்டுத்தர மறுத்துவிட்டார். எல்லாப் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த என் அக்கா வசந்தா, தான் நடிப்பதாகச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண்பிள்ளை மேடையேறியதில்லை. நாடகத்துக்கு ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர் அப்பா. அவர் கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் மேடையின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்: அக்கா ஒரு பக்கம், கதாநாயகன் மறுபக்கம்.

கதாநாயகன், ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டும் மணியம் அண்ணன். படத்தில் அவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் பாடுவானாம்.

“படத்துல எப்படியோ இருக்கட்டும்லா. இங்க நீ அவ கிட்ட வந்தேன்னா, பெட்டி நின்னுடும்” என்றார் அப்பா.

“அப்புறம் எப்படிண்ணே காதலிக்கிறது? லோரி ஹாரன் அடிச்சா?”

“பாடுடா. தொண்டை எதுக்கு இருக்கு?”

அந்தக் கோடு கதாநாயகனையே மாற்றிவிட்டது. கைகள் செய்த வேலையைக் குரல் செய்ய வேண்டியிருந்ததால், படத்தில் அதட்டலாக இருந்த அடிகளை மணியம் அண்ணன் கேள்விகளாக மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நிறுத்துவார். அப்பாவின் பெட்டி அந்த இடத்தை நிரப்பும். அது முடியும்வரை மணியம் அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். விசிலடிக்க வந்த இளைஞர்கள்கூட விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடைசிப் பாட்டில்தான் அது நடந்தது. திரும்பி உள்ளே போக வேண்டிய அக்கா, போகாமல், நடந்து வந்து கோட்டைத் தாண்டினாள். பெட்டி நின்றது. அப்பா எழுந்தால் நாடகமும் அக்காவின் ஆசையும் அத்தோடு முடிந்துவிடும் என்பது முன்வரிசையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. பின்னால் யாரோ, “போச்சு, மணியத்துக்கு இன்னிக்குப் பூசைதான்” என்றார்கள்.

மணியம் அண்ணன் முன்னால் வரவில்லை. அவள் எவ்வளவு நெருங்கினாளோ அவ்வளவு பின்வாங்கி, அதே இடைவெளியைக் காத்து, பெட்டி இல்லாமலே அடுத்த அடியைப் பாடினார். அக்கா அங்கேயே நின்று பதில் பாடினாள். துணையில்லாத இரண்டு குரல்கள் வரிசை வீடுகள்வரை போய்த் திரும்பின. அப்பா மணியம் அண்ணனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பெட்டியின் துருத்தியில் கை வைத்தார்.

“நான் சொன்னதைப் பய மீறலை” என்றார் அப்பா, வீட்டுக்கு வரும் வழியில். அடுத்த ஆண்டும் அக்காதான் நடித்தாள். கோவிந்தன் அண்ணனின் மீசை தப்பியது.

இப்போது பெரட்டுக்களம் இருந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. போன ஞாயிறு சிரம்பானில் என் வீட்டுக்கு அக்கா வந்திருந்தபோது, தொலைக்காட்சியில் அந்தப் பழைய படம் ஓடியது. நான் முதன்முறையாகப் பார்த்தேன். கதாநாயகன் சைக்கிளைக் குறுக்கே போட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“யாருடி இவன்? நம்ம ஆளு இப்படி இல்லையே” என்று அக்கா சத்தத்தைக் குறைத்தாள். பிறகு மணியம் அண்ணனின் கேள்வியைத் தானே மெல்லப் பாடி, அடி முடிந்த இடத்தில், அவரைப் போலவே நிறுத்தினாள். அப்பாவின் பெட்டி வர வேண்டிய இடம் அது. இருவரும் காத்திருந்தோம்.